திண்டிவனத்திலிருந்து வந்த இரங்கல்

செய்தி வந்தபோது அமலா விழுப்புரம் அலுவலகத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். 'தங்கள் குடும்பத்தைச் சேர்ந்த திரு. தேவசகாயம் அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்.' கீழே மருத்துவமனையின் திண்டிவனம் கிளையின் பெயர்.

தேவசகாயம் அவள் கணவன். குடல்வால் அறுவை முடிந்து அங்கே படுத்திருந்தான். காலையில்கூடப் பேசினான், இட்லிக்குச் சட்னி தரவில்லை என்று குறைபட்டுக்கொண்டான்.

அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸ்களைப் பராமரிப்பது அமலாவின் வேலை. விழுப்புரம் கிளையில் ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், திண்டிவனத்தில் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொன்று. இறந்தவரின் வீட்டுக்கு இரங்கலும் சான்றிதழ் வாங்கும் விவரமும் தானாகப் போக வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருந்தது. நோயாளியின் பதிவில் இறப்புக் குறிப்பு என்ற கட்டத்தில் ஏதாவது இருந்தால் செய்தி போகும்படி நிரல் எழுதினாள். விழுப்புரத்தில் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. அன்று காலை அதையே திண்டிவனத்திலும் ஏற்றியிருந்தாள்.

அதனால்தான் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தச் செய்தி பொய் சொல்லாது. எழுதியவளே அவள்தான்.

கணவனின் போன் அணைந்திருந்தது. மாமியார் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி எண் ஓயாமல் பிஸி. உடன் வேலை செய்யும் திருமுருகன் ஒன்றும் கேட்காமல் பைக்கை எடுத்தான்.

வழியில் அவள் அழவில்லை. எந்தச் சட்டையைப் போட்டு அனுப்புவது, கோயிலில் யாரிடம் முதலில் சொல்வது என்று மனம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனது. அப்படிக் கேட்கும் மனத்தை அவள் வெறுத்தாள்.

விக்கிரவாண்டி தாண்டியதும் திருமுருகனின் போன் விடாமல் அடித்தது. ஓரமாக நிறுத்தி, அழைத்த அலுவலகத்தாரிடம் பேசினான். திரும்பியபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அண்ணன் நல்லா இருக்காராம். வார்டுல இருக்கிற எல்லாரு வீட்டுக்கும் அதே மெசேஜ் போயிருக்கு. அங்க ஒரே பேஜாரா கீதாம்."

"எல்லாருக்குமா?"

அவன் தலையாட்டினான். அமலா சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புருஷன் உயிரோடிருக்கிறான் என்ற நினைப்பு நெஞ்சில் இறங்குவதற்குள் தன் தவறு என்ன என்பது புரிந்துவிட்டது. எழுத்தே இல்லாமல் சேமித்த கட்டத்தை ஆரக்கிள் ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அதையும் எழுதப்பட்ட ஒன்றாகவே வைத்துக்கொள்ளும். திண்டிவனத்தில் கட்டத்தை வெறுமையாக விட்டுச் சேமிக்கப்பட்ட ஒவ்வொரு நோயாளியும் அவள் நிரலின் கணக்கில் இறந்துபோனார். இந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியாததில்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

பையிலிருந்த லேப்டாப்பை மடியில் திறந்து நிரலை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வேன்கள் நின்றன. படியில் கோதண்டபாணி என்ற விவசாயி அழுது வீங்கிய கண்களோடு உட்கார்ந்திருந்தார். அனந்தபுரத்திலிருந்து உறவினர்களோடு மாலை வாங்கிக்கொண்டு வந்தவர். மனைவி வெள்ளையம்மாள் உயிரோடிருக்கிறார் என்று வரவேற்பில் சொல்லிவிட்டார்களாம். ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

"உள்ள போயி, அவ இல்லன்னா?" என்றார்.

"ஐயா, அந்த மெசேஜ் நான் எழுதின புரோகிராம்ல இருந்து போனதுங்க. என் தப்புங்க. அம்மா நல்லா இருக்காங்க, வாங்க."

தனக்கும் அதே செய்தி வந்ததை அவள் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போனாள்.

வெள்ளையம்மாள் கால் கட்டோடு சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். கதவருகே நின்ற கணவரையும் பின்னால் வந்த கூட்டத்தையும் கண்டு திகைத்தாள். அமலா நடந்ததைச் சொன்னாள். வெள்ளையம்மாள் சாத்துக்குடியைக் கீழே வைத்தாள்.

"இந்த ஆளு அழுதாரா?" என்று பிறகு கேட்டாள்.

"அழுதாருங்க" என்றாள் அமலா.

அவள் கணவரைக் கட்டிலில் உட்காரவைத்தாள். அமலாவை மறுபடி பார்க்கவில்லை.

தேவசகாயம் தூங்கிக்கொண்டிருந்தான். மாமியார் மருந்து வாங்கப் போயிருந்தாள். அமலா அவன் மார்பில் கைவைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே மேலாளர் அப்பாதுரை யார் இதைச் செய்தது என்று கேட்பது காதில் விழுந்ததும் போய், நான்தான் சார் என்றாள்.

அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் அவளே போன் செய்தாள். பலர் திட்டினார்கள். திருவாமாத்தூரில் ஒரு பெரியவர் மட்டும் திட்டவில்லை. தன் மகன் உயிரோடிருக்கிறான் என்பதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள்.