துணைக்கு வருபவர்

“வீடியோ கால்ல பாத்துக்கறதுக்கு உங்கம்மா என்ன அமெரிக்காவுலயா இருக்கா?”

மாணிக்கவாசகத்தின் குரல் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது. சரியாகக் கேட்காதவர்கள் பால்கனிக்கே வந்து நின்றார்கள். துக்க வீட்டில் சண்டை என்றால் மயூர் விஹாரில் யார்தான் அடுப்படியில் நிற்பார்கள்?

“ப்பா, ஜித் பண்ணாதீங்க, அடம் பிடிச்சா எப்படி? சவ வண்டியில படி ஒசரம். கார்ல உங்க கால் மடங்காது. எப்படித்தான் கூட்டிட்டுப் போறது?” என்றான் மகன் கௌதமன். குர்காவிலிருந்து ராத்திரியே வந்துவிட்டவன். கண் சிவந்திருந்தது. பதினொன்றரைக்கு யமுனைக் கரைச் சுடுகாட்டில் டோக்கன் போட்டிருந்தார்கள்.

“அவ எங்க போனாலும் துணைக்கு நான்தாண்டா போயிருக்கேன். எழுத்துலயே இருக்கு.”

இதைக் கேட்டு எதிர் பிளாட் உஷாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் காரணம் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, மாணிக்கவாசகத்தின் வலது காலுக்குள் ஆபரேஷனில் கம்பி ஏறியது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் நகராட்சி மானியத்தில் ஒரு வெள்ளை வேன் விட்டபோது, மனைவி இந்திராணி படிவம் வாங்கி வந்தாள். ஊனம் என்று ஒரு கட்டம் இருந்தது. “எனக்கென்ன ஊனம்? கால் மடங்கல, அம்புட்டுத்தான்” என்று அவர் பேனாவை வீசினார். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். இந்திராணி பேனாவைப் பொறுக்கிக்கொண்டு வந்து, பயணி என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். சக்கர நாற்காலி தேவையா? ஆம். துணைக்கு வருபவர்? கணவர், மாணிக்கவாசகம்.

அப்படியாக மூன்று வருஷம் காகிதத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், அவர் தள்ளினார். கேட்டில் யாராவது எதிர்ப்பட்டால் அவரே முந்திக்கொள்வார்: “இவளுக்கு முட்டி வலி. தனியா அனுப்ப முடியுமா? அதான் துணைக்குப் போறேன்.” பின்னால் நாற்காலியைத் தள்ளியபடி இந்திராணி தலையை ஆட்டுவாள். காலனி மொத்தமும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, வேன் போனதும் சிரிக்கும். உஷாராணிதான் அதிகம் சிரித்தவள். வேன் ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிடுவேன் என்று ஒருதரம் மிரட்டியும் இருக்கிறாள். அதிலிருந்து ஆறு மாதமாக இரண்டு பெண்களுக்கும் பேச்சு இல்லை.

சவ வண்டி கிளம்பிவிட்டது. ஆண்கள் எல்லாரும் அதிலும் பின்னால் இரண்டு கார்களிலுமாகப் போனார்கள். மருமகள் கவிதா வீடு கழுவிவிட உள்ளே போனாள். கேட்டருகே நாற்காலியில் மாணிக்கவாசகமும், கலைய மனமில்லாத ஏழெட்டுப் பெண்களும், காவல்காரரும் மிச்சம். தரையில் ரோஜா இதழ்கள் கிடந்தன. நவம்பர் புகைமூட்டத்தில் வண்டி திரும்பிய முனைகூடத் தெரியவில்லை.

அந்தப் புகைக்குள்ளிருந்து வெள்ளை வேன் வந்தது.

ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பென்ஷனுக்காக, மாணிக்கவாசகம் உயிரோடு இருக்கிறார் என்று பேங்கில் காட்ட வேண்டும். அதற்காக நேற்று நாலு மணிக்கு இந்திராணி போன் செய்து வண்டி சொல்லியிருந்தாள். ஆறு மணிக்கு, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், தலை சுற்றுகிறது என்று சுவரோரம் சாய்ந்தாள்.

டிரைவர் தரம்பீர் வழக்கம்போல் நாற்காலி ஏற்றும் சாய்பலகையை இறக்கினார். “ராம் ராம் பாபுஜி. மாதாஜி எங்கே? ஜல்தி வரச் சொல்லுங்க” என்றார் இந்தியில். பிறகு தரையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

“காட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. என்னையும் கொண்டு போய் விடு” என்றார் மாணிக்கவாசகம், அவரும் இந்தியில்.

தரம்பீர் கழுத்தைச் சொறிந்தார். பயணி இல்லாமல் துணையாளை மட்டும் ஏற்றக்கூடாது. வண்டி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் ஆபீசில் தெரியும். போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், கண்டிப்பாகவும் இல்லை, கனிவாகவும் இல்லை.

“பயணி இறந்துட்டா அந்தப் பதிவு முடிஞ்சது. துணைக்கு வந்தவருக்குத் தனியா வண்டி கிடையாது.”

“இவரும் எழுபது தாண்டினவர் மேடம். நாற்காலியிலதான் இருக்காரு.”

“நாற்காலி அந்தம்மாவுக்குன்னுதானே இருக்கு?”

தரம்பீர் மாணிக்கவாசகத்தைப் பார்த்தார். பெண்கள் எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள், காதை மட்டும் இங்கேயே விட்டுவிட்டு.

“அவர்கிட்ட குடுங்க. இப்பவே புதுசா பதிஞ்சுடலாம்” என்றது குரல். “சார், நாற்காலி யாருக்கு?”

மாணிக்கவாசகம் போனைக் கையில் வாங்கினார். ஸ்பீக்கரை அணைக்க அவருக்குத் தெரியவில்லை. மேலே பால்கனியில் யாரோ இருமலை அடக்கினார்கள்.

“எனக்கு” என்றார்.

“நடக்க முடியுமா?”

“முடியாது.”

“எத்தனை வருஷமா?”

“நாலு வருஷமா.”

“துணைக்கு வருபவர் பேர்?”

அவர் வாய் திறந்தது. வந்திருக்கக்கூடியது ஒரே பெயர்தான்.

“உஷாராணின்னு சொல்லுங்கண்ணே” என்றாள் உஷாராணி.

“பொம்பள சுடுகாட்டுக்குப் போவாளா?” என்றாள் யாரோ ஒருத்தி.

“நான் வண்டியிலயே உக்காந்துக்கறேன். உனக்கென்ன, நீ போய்க் குளி.” செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். அது எவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். சாய்பலகையில் பாதியில் மூச்சு வாங்க நின்றாள்.

சுடுகாடு என்று எழுதப் படிவத்தில் இடம் இல்லை. “பக்கத்துல அனுமார் கோயில் இருக்கு. மந்திர்னு போட்டுட்டேன்” என்றார் தரம்பீர்.

மயூர் விஹாரிலிருந்து யமுனைக் கரை வரைக்கும் உஷாராணி ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னால் காலனியில் நம்பமாட்டார்கள். எதிர் இருக்கையில் இந்திராணி எப்போதும் தன் ஒயர் கூடையைக் கட்டும் கொக்கியில் ஒரு கயிறு தொங்கியது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது ஆடியது. மாணிக்கவாசகம் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கௌதமன் கேமராவைத் திறந்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தவன், அப்பாவை நேரில் பார்த்ததும் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். நாற்காலியை அவனே தள்ளிக்கொண்டு போனான். உஷாராணி சொன்னபடி வண்டியைவிட்டு இறங்கவில்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

திரும்பி வந்ததும் தரம்பீர் தாளை நீட்டினார். மாணிக்கவாசகம் துணைக்கு வருபவர் என்ற கட்டத்தில் பாதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிறுத்தி, அடித்தார். மேலே, பயணி என்ற கட்டத்தில் போட்டார். தாளை உஷாராணியிடம் தந்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம்தான் இடம் இருந்தது. அவள் சின்னதாக எழுதினாள்.

தை பிறந்ததும் உஷாராணியின் மகள் அபிராமிக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை. பிள்ளைப்பேறு பார்க்கப் போன உஷாராணி அங்கேயே தங்கிவிட்டாள். கௌதமன் குர்காவ் வீட்டைக் காலி செய்துவிட்டு, துவாரகாவில் சாய்தளமும் பெரிய லிஃப்டும் உள்ள சொசைட்டியாகத் தேடி எடுத்தான். மாணிக்கவாசகத்தை அங்கே கூட்டிப் போனான். மயூர் விஹார் பிளாட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் வந்துவிட்டது. பால்கனியில் கண்ணாடி போட்டு மூடிவிட்டார்கள்.

துவாரகாவுக்கும் வெள்ளை வேன் வருகிறது. தள்ளுவதற்குச் சம்பளத்துக்கு ஒருவர் இருக்கிறார், நாற்பது வயது, நல்ல திடகாத்திரம். லிஃப்டில் யாராவது எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டால் மாணிக்கவாசகம் இந்தியில் சொல்கிறார், “இவருக்கு முட்டி வலி. அதான் துணைக்குப் போறேன்.”

அவர்கள் சிரிப்பதில்லை. “அச்சா அங்கிள்” என்று சொல்லிவிட்டு, தங்கள் மாடி வந்ததும் இறங்கிக்கொள்கிறார்கள்.