குணாளன் கேட்ட சத்தம்

வேன் சாலையில் திரும்பும்போதே கஸ்தூரிக்கு அதன் சத்தம் கேட்டுவிட்டது. இரும்புப் பெட்டிக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல டக் டக் என்று விடாத தட்டல். சிம்பாங் ரெங்கம் என்ற ஊரில், செம்பனைத் தோட்டத்துக்கு எதிரே இருந்தது அவளுடைய சின்னப் பட்டறை. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வேனை ஓட்டி வந்த சந்திரமதி, செனாயில் ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் பெண்களை ஏற்றிப்போய் இறக்குகிறவள். ஐம்பதைத் தாண்டிய பெண். வேனும் பழையதுதான், கதவில் துரு, இருக்கைகளில் ஒட்டுத்துணி.

"எஞ்சின் செத்துப்போச்சாம்மா," என்றாள் இறங்கியதும். "வேற எஞ்சின்தான் போடணுமாம். மனசு கேக்கல. உன்கிட்டயும் ஒரு தடவ காட்டிடலாம்னு வந்தேன்."

"யாருக்கா சொன்னது?"

சந்திரமதி கைப்பேசியை நீட்டினாள். திரையில் அதே வேன் நின்றது. அதன் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தான் குணாளன். "கேட்டீங்களா மக்களே? பேரிங் போன சத்தம் இதுதான் லா. இந்த எஞ்சினுக்கு மாலை போட்டுடலாம்."

கஸ்தூரி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். குணாளன் அவளுடைய முன்னாள் கணவன்.

உலு திராமில் அவன் இப்போது நடத்தும் பட்டறையை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். எந்தக் கார் வந்தாலும் சோதனை ஓட்டத்துக்குக் குணாளன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வான். "என்னம்மா சத்தம்?" என்று கேட்பான். அவள் சொல்வாள். அவன் இறங்கிப்போய், தானே கண்டுபிடித்தவனைப்போல அதைக் கார்க்காரரிடம் சொல்வான். அப்போது அது அவளுக்குத் தவறாகத் தெரியவில்லை. பட்டறைக்குப் பெயர் வந்தால் போதும் என்றிருந்தாள்.

பிறகு வீடியோ எடுத்துக் கொடுக்க ஷர்மினி என்ற பெண் வந்தாள். வீடியோக்கள் ஓடின, குணாளன் ஊரறிந்த ஆளானான். அடுத்த வருடமே கஸ்தூரியை விவாகரத்துச் செய்துவிட்டு ஷர்மினியைக் கட்டிக்கொண்டான். அதைக்கூட அவள் விழுங்கிவிட்டாள். விழுங்க முடியாதது அதன்பிறகு வந்த ஒரு வீடியோ. யாரோ அவளைப் பற்றிக் கேட்டதற்கு, "அவளா? சும்மா ஸ்பானர் எடுத்துக் குடுப்பா. அதுவும் தப்பான ஸ்பானர்," என்றான் குணாளன். கீழே கருத்துகளில் ஊரே சிரித்திருந்தது. அவளுடைய சொந்தத் தம்பி மனைவி உட்பட.

அந்த வீடியோவை அவள் எத்தனையோ முறை பார்த்திருந்தாள். கோபம் குறைகிறது என்று தோன்றும் நாட்களில் வேண்டுமென்றே எடுத்துப் பார்ப்பாள்.

"வண்டியப் பாக்குறியாம்மா?" என்றாள் சந்திரமதி.

"ஸ்டார்ட் பண்ணுங்கக்கா."

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைத் தூக்கினால் கீழே எஞ்சின். ஓடிக்கொண்டிருக்கும்போதே கஸ்தூரி ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி மாட்டினாள். பேரிங் போயிருந்தால், அதற்குரிய சிலிண்டர் வேலை செய்யாமல் நின்றதும் தட்டல் தணிய வேண்டும். நான்கிலும் தணியவில்லை. அடுத்து, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டாள். முன்பக்கம் எஞ்சின் ஒழுங்காக ஓடியது. பின்னால் நகர நகரத் தட்டல் பலத்தது. எஞ்சின் முடிந்து கியர்பாக்ஸ் தொடங்கும் இடத்தில் காதை அறைந்தது.

"பிரேக்க மிதிச்சிக்கிட்டு கியரப் போடுங்கக்கா."

வேனுக்கு ஆட்டோ கியர்; அது விழுந்ததும் தட்டல் பாதியாகக் குறைந்தது. எடுத்ததும் மறுபடி வந்தது. எஞ்சின் பேரிங் இப்படி நடந்துகொள்ளாது.

வேனை நிறுத்தச் சொல்லி, கீழே படுத்து, அங்கிருந்த சின்ன மூடியைக் கழற்றினாள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் வட்டத் தகடு தெரிந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட்டுகளில் ஒன்றைக் காணோம். மற்றவை விரலால் திருப்பினாலே சுழன்றன. தகட்டில் விரிசல் இல்லை.

"அக்கா, கியர்பாக்ஸ யாராவது எறக்குனாங்களா?"

"குணாளன்தான் எறக்கினாரு. தீபாவளி முடிஞ்சி. ஏம்மா?"

கஸ்தூரி வேனுக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். அவன் பூட்டிய போல்ட்டுகள். அவனே சரியாக முறுக்காமல் விட்டவை. அந்தத் தட்டலைத்தான் ஊரறிய எஞ்சினின் சாவு என்று சொல்லியிருக்கிறான். தன்னையறியாமல் சிரித்தாள். நெடுநாளாக அவள் அறியாத மகிழ்ச்சி அது.

வெளியே வந்து சந்திரமதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சந்திரமதி கும்பிடாத குறையாக, "அப்ப இப்பவே முறுக்கி விட்டுடும்மா," என்றாள்.

"முறுக்குறேன். ஆனா இங்க இல்லக்கா. அவன் வொர்க்‌ஷாப்புல வச்சி, அவன் முன்னாடி முறுக்குறேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க."

"அலமாக்! என் பொண்ணுங்கள யாரு ஏத்திட்டுப் போறது?"

"என் காரை எடுத்துக்குங்க. ரெண்டு நடை போங்க. அக்கா, எஞ்சின் செத்துப்போச்சுன்னு உங்களையும்தானே ஏமாத்தினான்?"

சந்திரமதி தயங்கினாள். பிறகு கார்ச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு காலை, இழுவை லாரியில் வேனை ஏற்றிக்கொண்டு இருவரும் உலு திராம் போனார்கள். ஒவ்வொரு ஞாயிறும் குணாளனின் பட்டறையில் நேரலை நடக்கும். ஆட்கள் தங்கள் பழைய கார்களைக் கொண்டுவருவார்கள். அவன் சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்வான். ஷர்மினி கைப்பேசியில் காட்டுவாள். அன்றைக்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து தே தாரிக் டீ டம்ளரோடு வந்து நின்றவர்களும் இருந்தார்கள்.

லாரியிலிருந்து இறங்கிய கஸ்தூரியைப் பார்த்ததும் குணாளன் ஒரு நொடி திகைத்தான். கேமரா தன்மேல் இருப்பது நினைவுக்கு வர, வாய்விட்டுச் சிரித்தான்.

"மக்களே, யாரு வந்திருக்காங்க பாருங்க! நம்ம பழைய ஸ்பானர் மேடம்!"

கூட்டம் சிரித்தது. கஸ்தூரி அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இந்த வேனுக்கு என்ன கோளாறுன்னு சொன்னீங்க?"

"பேரிங். வீடியோவிலயே இருக்குல்ல?"

"மறுபடியும் கேட்டுச் சொல்லுங்க."

சந்திரமதி வேனைக் கிளப்பினாள். டக் டக் என்ற தட்டல் கூரைத் தகரத்தில் எதிரொலித்தது. குணாளன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டான். "பேரிங்தான். சந்தேகமே இல்ல."

"நான் இத எஞ்சினத் திறக்காம, இங்கயே சரி பண்ணிட்டா?"

"பண்ணு. பண்ணிட்டா என் பட்டறைய உன் பேருக்கு எழுதித் தரேன்," என்று கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

கஸ்தூரி ஜாக்கி வைத்து வேனைத் தூக்கி அடியில் நுழைந்தாள். மூடியைக் கழற்றி, காணாமல்போன போல்ட்டின் இடத்தில் தான் கொண்டுவந்ததைப் போட்டாள். எஞ்சினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஒவ்வொன்றாக முறுக்கினாள். மேலே குணாளன் நகைச்சுவையாக ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அவசரப்படவில்லை.

வெளியே வந்து சந்திரமதிக்குக் கை காட்டினாள்.

வேன் கிளம்பியது. தட்டலைக் காணோம். பழைய எஞ்சினுக்குரிய உறுமல் மட்டும் சீராக ஓடியது. கூட்டத்தில் ஒருவர் "பெர்கா!" என்று வியந்து கத்தினார். சந்திரமதி ஓட்டுநர் இருக்கையில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குணாளன் மறுபடி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான்.

"கேளுங்க மக்களே," என்றான். "இன்னும் தட்டுது."

சிலர் சிரித்தார்கள். விளையாடுகிறான் என்று நினைத்தார்கள்.

"சிரிக்காதீங்க. நல்லாக் கேளுங்க. அதே பேரிங் சத்தம். இவ ஒண்ணுமே பண்ணல."

சிரிப்பு நின்றது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முகங்களைப் பார்த்த குணாளனுக்கு ஏதோ தவறிவிட்டது என்று புரிந்தது; என்ன என்று மட்டும் புரியவில்லை. அவன் கண்கள் கூட்டத்தைத் தாண்டிக் கஸ்தூரியிடம் வந்து நின்றன. "என்னம்மா சத்தம்?" என்று கேட்கும்போது பார்ப்பானே, அதே பார்வை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவனுக்குக் கேட்கவில்லை. இன்று நேற்றல்ல, எப்போதோ காது போயிருக்கிறது. முகத்துக்கு நேரே பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்திருக்கிறான். சோதனை ஓட்டத்துக்கு அவளை அழைத்துப்போனது சோம்பலால் அல்ல, தனக்குக் கேட்காததால். அவள் போனபிறகு, வண்டியின் வயதையும் ஆட்கள் சொல்வதையும் வைத்துக் குத்துமதிப்பாகவே நோய் சொல்லி வந்திருக்கிறான்.

ஒரு வார்த்தை போதும். வால்வில் கொஞ்சம் தட்டல் இருக்கிறது, அதைத்தான் சொல்கிறார் என்று அவள் சொல்லியிருந்தால் கூட்டம் நம்பியிருக்கும். அவன் கண்கள் அதைத்தான் கெஞ்சின.

"அக்கா, எஞ்சின நிறுத்துங்க," என்றாள் கஸ்தூரி.

பட்டறை அமைதியானது. அவள் நடந்துபோய்க் குணாளனின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அத்தனை வருட வாழ்க்கையில் அவனை அவள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

"குணாளன்," என்றாள், சாதாரணக் குரலில்.

அவன் திரும்பவில்லை.

"குணாளன். கியர்பாக்ஸ் போல்ட்ட முறுக்காம விட்டது நீதான்."

அவன் கூட்டத்தைப் பார்த்தபடி, இன்னும் விட்டுப்போகாத புன்னகையோடு நின்றான். கைப்பேசியை ஷர்மினி இறக்கவில்லை. இறக்கத் தோன்றவில்லை போலும்.

கஸ்தூரி சுற்றி வந்து கேமராவுக்கு முன்னால் நின்றாள். "இந்த ஆளுக்குக் காது கேக்காது. இந்த வொர்க்‌ஷாப்புல இத்தன வருஷமும் சத்தம் கேட்டுச் சொன்னது நான்."

இந்த முறை அவன் அவள் உதடுகளைப் பார்த்திருந்தான். முகம் அப்படியே சரிந்தது. ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தான். அருகில் நின்ற ஒருவர், "என் கார் எஞ்சினையும் மாத்தச் சொன்னியே, அதாவது கேட்டுச்சா இல்லியா?" என்று அவன் முகத்தருகே குனிந்து கத்தினார். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர்.

திரும்பி வரும்போது வேனைச் சந்திரமதியே ஓட்டினாள். கூலாய் ஊரைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தாள்.

"வண்டி நல்லா ஓடுதும்மா," என்றாள். "போல்ட்ட முறுக்கினதோட வந்திருக்கலாம். பின்னாடி போயி நின்னு கூப்பிட்ட பாரு, அத வேணாம்னு தோணிச்சி எனக்கு."

"எனக்கு அதுதான்க்கா வேணும்."

சந்திரமதி தலையசைத்தாள், ஒப்புக்கொண்டாளா இல்லையா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் வேனை வேறு பட்டறைக்குக் கொண்டுபோகிறாள் என்று கேள்வி.

அந்தக் காட்சி மாநிலம் முழுக்கப் பரவியது. மூவார், பத்து பகாட் போன்ற தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் கஸ்தூரியைத் தேடிக் கார்கள் வந்தன. குணாளனின் நேரலை நின்றது. அடுத்த மாதம் பட்டறைக் கதவும் மூடியது.

ஒரு மதியம் ஷர்மினி தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, அவருக்குக் கேக்காதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. காதுக்கு மெஷின் வச்சிக்கச் சொன்னா மாட்டேங்கறாரு. யார் முகத்தையும் பாக்குறதில்ல. உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா, என்னைத் தப்பான ஸ்பானர் எடுத்துக் குடுப்பான்னு சொன்ன அன்னைக்கே ஊருக்குச் சொல்லியிருப்பேன்."

எதிர்முனையில் ஷர்மினி அழுதாள். "ஒரே ஒரு தடவ வந்து பேசிட்டுப் போங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாரு."

கஸ்தூரி யோசித்துப் பார்த்தாள். இரக்கம் எங்காவது இருக்கிறதா என்று தனக்குள் தேடினாள். ஷர்மினிமேல் கொஞ்சம் இருந்தது. குணாளன்மேல் இல்லை.

"அந்த மெஷின நீயே போட்டு விடும்மா," என்றாள். "நான் வரமாட்டேன்."

தொலைபேசியை வைத்துவிட்டுக் கை கழுவினாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, காத்திருந்த கார்க்காரரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். நல்ல பசியாக இருந்தது.