திங்கட்கிழமை வராத வீடு

மாடிவீட்டு எழுத்தாளருக்கும் அவர் மனைவிக்கும் திங்கட்கிழமை வருவது நின்றுபோனது, அவருடைய இரண்டாவது நாவல் பாதியில் நின்ற அதே மழைக்காலத்தில். தெருவில் மற்ற எல்லாருக்கும் திங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அவர்கள் இருவர் மட்டும் ஞாயிறு இரவு படுத்தால் செவ்வாய் காலையில்தான் எழுந்தார்கள். வாசலில் முந்தின நாள் பால் பாக்கெட் திரிந்து கிடக்கும், பேப்பர் இரண்டு கிடக்கும். குப்பை வண்டி அந்தத் தெருவுக்குத் திங்களன்று மட்டுமே வரும் என்பதால் குப்பைப் பைகள் மாடிப்படி முழுக்க வரிசை கட்டின. கீழ்வீட்டு டெய்லர் கொஞ்ச நாள் சத்தம் போட்டார், பிறகு தன் வீட்டுக் குப்பையோடு அதையும் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தார்.

காரணம் தெருவுக்கே தெரியும். "திங்கக்கிழமையிலேர்ந்து உட்கார்ந்துடுவேன்" என்று எழுத்தாளர் பதிப்பாளரிடம் சொல்வார், மனைவியிடம் சொல்வார், கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொல்வார். எத்தனை தடவைதான் ஒரு கிழமை ஏமாறும்? அதற்கும் ரோஷம் இருக்காதா? ஒரு வாரம் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அந்தக் குடும்பத்துக்கு இது புதிதும் அல்ல. அவருடைய அப்பாவும் எழுத்தாளர்தான். நிப்பைக் கழுவுவதும், மையை மாற்றுவதும், மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுவதுமாக வாழ்ந்த மனிதர். "அடுத்த வருஷம் பாருங்க" என்று அவர் சொல்லிச் சொல்லி, ஒரு தடவை அந்த வருஷமே வராமல் போய்விட்டது. வீட்டில் எல்லாருக்கும் ஒரு வயது குறைந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் முணுமுணுத்துவிட்டுப் பையனின் வயதைத் திருத்திக்கொண்டார். அந்தப் பையன்தான் இந்த எழுத்தாளர். இவருக்கு நிப்புக்குப் பதில் செல்போன். எழுத்துருவை மாற்றுவார், கூட எழுதுகிறவர்கள் எத்தனை பக்கம் எழுதிவிட்டார்கள் என்று வேவு பார்ப்பார், எழுதுவது எப்படி என்று எவனோ பேசும் வீடியோவை முழுசாகக் கேட்பார், ஃப்ரிட்ஜைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் மூடுவார்.

மனைவி அச்சகத்தில் பிழை திருத்துபவள். அவர் எழுதியதை முதலில் படிப்பவளும் அவள்தான். திங்கட்கிழமைகளுக்கு அச்சக முதலாளி நிரந்தர விடுப்பே கொடுத்துவிட்டதால் காலம் இப்படியே ஓடியிருக்கும். ஆனால் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஆபரேஷன் செய்துகொள்ளாவிட்டால் நரம்பு கெட்டுவிடும், பிறகு பார்வை திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் ஆபரேஷன் செய்வது திங்கட்கிழமைகளில் மட்டும்.

ஞாயிறன்று தங்கை வீட்டில் போய்ப் படுத்துப் பார்த்தாள். மறுநாள் தங்கை புருஷன் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தான், உலுக்கினான், கடைசியில் தூக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனான். எழுப்பிக் கூட்டிவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செவ்வாய் காலையில் அவள் கண் விழித்தபோது தலையணை இன்னும் ஈரமாக இருந்தது.

எழுத்தாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுதினால் திங்கள் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மனுஷன் ஃபேன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருப்பானா? துடைத்தார். நாற்காலிக் காலுக்கு அட்டை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில் "சரி, செவ்வாய்க்கிழமையிலேர்ந்து கண்டிப்பா" என்றார். அந்த வாரம் செவ்வாய் மதியத்துக்கு மேல்தான் வந்தது.

மனைவி பதறிப்போனாள். "என்னங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எந்தக் கிழமை பேரையும் எடுக்காதீங்க. இருக்கிறதையும் விரட்டிடாதீங்க."

மழை குறையத் தொடங்கிய ஒரு ஞாயிறு மதியம், அவள் கொண்டுவந்த டீயை மேஜைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் வைத்தாள். கண்ணாடி டம்ளர் விழுந்து சிதறியது. மேஜை எங்கே இருக்கிறது என்று அவள் கை தடவுவதைப் பார்த்து அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். துடைக்கத் துணி தேடி ஓடினார். அதிலும் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவள் விடவில்லை. "துடைக்கப் போகாதீங்க. உட்காருங்க. எழுதி, வாசிச்சுக் காட்டுங்க."

"நல்லா வராதுடீ."

"நல்லா வர வேண்டாம். வந்தாப் போதும்."

கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லாமல் அவர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு வரி எழுதினார். வாசித்தார். கேவலமாக இருப்பதாக அவள் சொன்னாள். அடுத்த வரியைக் கேட்டாள். அதுவும் சுமார்தான் என்றாள், அடுத்ததைக் கேட்டாள். டீ தரையில் காய்ந்தது, விளக்குப் போட்டார்கள், போன் அடித்து ஓய்ந்தது. உட்கார்ந்த இடத்திலேயே இருவரும் தூங்கிப்போனார்கள்.

காலையில் தெருவில் மணி கணகணவென்று அடித்தது. அவள்தான் முதலில் எழுந்தாள். "என்னங்க, குப்பை வண்டி!" என்று கத்தினாள். அவர் குப்பையை எடுக்கப் பாய்ந்தார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். குப்பையை வழக்கம்போல டெய்லர் போட்டார்.

வராமல் போன திங்கட்கிழமைகள் அதற்குப் பிறகு பாக்கி வைக்காமல் வந்து சேர்ந்தன. தெருவுக்கு ஒரு திங்கள் முடிவதற்குள் அந்த வீட்டில் இரண்டு மூன்று தடவை விடிந்தது. பால் பாக்கெட் ஒன்றுதான் வரும் என்பதால் மிச்சத் திங்கள்களில் பாலில்லாத டீ குடித்தார்கள். கட்டுப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டதும் அவள் முதலில் படித்தது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கடைசிவரை படித்தாள்.

"முதல் வரியை மாத்துங்க. மத்தது இருக்கட்டும்."

"நாளைக்கு மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டு, எழுத்தாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் சிரித்துவிட்டாள். மறுநாளும் அவர்களுக்குத் திங்கட்கிழமைதான்.