லெட்டர் பேடு கொறடாவிடம் இருக்கிறது

1

வந்திருந்தவர்கள்:
கட்சியின் சட்டமன்றக் கொறடா தேவசுந்தரம்.
தலைவர் (சட்டமிட்ட படமாக, நாற்காலியில்).
தமிழ்ச் சங்க நிர்வாகிகள் ஆறு பேர்.
புதிய எம்.எல்.ஏ. கார்மேகம்.

2006 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, குவைத் அப்பாசியாவில் நடந்த பாராட்டுக் கூட்டத்தின் குறிப்பேட்டில் இருக்கும் வரிசை இது. கதை எனக்கு இங்கேதான் கிடைத்தது. பாராட்டப்பட்டவன் கடைசியில் இருக்கிறான். படம்கூட அவனுக்கு முன்னால். பட்டியலில் இல்லாத ஒருவனை நான் சேர்க்கிறேன்: ராக்கப்பன். வாசலில் நின்றவர்களைக் குறிப்பில் எழுதுவதில்லை.

2

முதல் தொடக்கம்: "மாலைகளின் கனத்தில் கார்மேகத்தின் கண்கள் பனித்"

வேண்டாம். பதினோரு வருஷம் இதே ஊரில் கான்கிரீட்டுக்குப் பலகை அடித்தவன். அவ்வளவு சுலபமாக அழ மாட்டான்.

இரண்டாவது: கூட்டம் முடிந்து, சங்கச் செயலாளர் வீட்டு அறையில் கொறடா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். கார்மேகம் மேசையருகே உட்கார்ந்திருந்தான். ராக்கப்பன் உள்ளே வந்தான். தொழிலாளர் கேம்பில் கார்மேகத்துக்கு மேல்கட்டிலில் ஒன்பது வருஷம் படுத்தவன்.

"எம்எல்ஏ சார்னு சொல்லணுமா, பங்காளின்னே கூப்பிடலாமா?"

"மிதி வாங்காம உக்காருடா."

அவன் உட்காரவில்லை. அவன் தங்கச்சி சுசீலா இங்கே வீட்டு வேலைக்கு வந்து, அடி தாங்காமல் ஓடி, நாலு மாசமாக எம்பஸி ஷெல்ட்டரில் கிடக்கிறாள். பாஸ்போர்ட் கஃபீலிடம், அவளை வேலைக்கு எடுத்த அரபியிடம். அனுப்பிய ஏஜெண்டை ஊரில் நெருக்கினால் வாங்கித் தருவான். ஆனால் போலீஸ் புகாரையே எடுக்க மாட்டேன் என்கிறது.

"எஸ்பிக்கு ஒன் லெட்டர் பேடுல நாலு வரி எழுதிக் குடு. போதும்."

கார்மேகம் கொறடாவின் தோல்பையைப் பார்த்தான். பேடு அதில்தான் இருந்தது. புதிதாக ஜெயித்த எல்லாருடையதையும் பதவியேற்ற அன்றே அவர் வாங்கி வைத்துக்கொண்டார். கையெழுத்து மட்டும் போட்டு, தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களையும்.

"ஏஜெண்டு யாரு தம்பி?" என்றார் கொறடா.

"மணிமாறன்ங்கய்யா."

"நம்ம மாவட்டச் செயலாளர் மச்சினன்லா! தலைவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்வோம்."

"எப்பங்கய்யா சொல்லுவீங்க?"

"அவருக்கு நேரம் இருக்கும்போது."

3

கார்மேகத்தை நான் நம்பவில்லை. கோழை என்று எழுதினால் பொய். மோசமான சாப்பாட்டுக்காகக் கேம்ப் முழுவதையும் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் நிறுத்தியவன். கட்சி அந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்லி ஓட்டு வாங்கியது. பிறகு அவனைச் சட்டசபையில் கடைசி வரிசையில் உட்காரவைத்து, தூக்கு என்றால் கையைத் தூக்கச் சொன்னது. [இங்கே ஒரு பத்தி அரசியல் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

"கேம்புல இருநூறு பேரு ஊருக்குப் போன் போட்டோம்டா, ஒனக்குக் குத்தச் சொல்லி," என்றான் ராக்கப்பன்.

"தெரியும்டா. பேடு எங்கிட்ட இல்ல."

"பாஸ்போர்ட்டு கஃபீல்கிட்ட, பேடு கொறடாகிட்ட. இதுக்கு நீ இங்கனயே இருந்திருக்கலாமேடா."

4

முடிவு அ: கொறடா குளிக்கப் போகிறார், கார்மேகம் பையிலிருந்து ஒரு தாளை உருவுகிறான். நன்றாகவே வந்தது. அடித்துவிட்டேன். சுசீலா அங்கே கிடக்கும்போது நான் திருடன் போலீஸ் ஆட முடியாது.

முடிவு ஆ: ராக்கப்பன் மேசையில் ஒரு வெறுந்தாளை வைத்தான். "இதுலயாவது எழுது. ஒன் கையெழுத்து இருந்தா எஸ்பி பாப்பாரு."

சங்கம் பரிசளித்த பேனா கார்மேகத்தின் சட்டைப்பையில் இருந்தது. கொறடா கண்ணை மூடியபடியே அவனிடம் கேட்டார்: "ஒன் ராஜினாமாவுல தேதி போட எவ்வளவு நேரம் ஆவும் தம்பி?"

கார்மேகத்தின் கையைப் பேனாவுக்கு மூன்று முறை அனுப்பினேன். மூன்று முறையும் பாதியில் நின்றது.

"கலாஸ், முடிஞ்சுது," என்றான் ராக்கப்பன். "சுசீலா கேட்டா, எம்எல்ஏவைப் பார்த்தேன்னு சொல்றேன்." வெளியே போனான்.

கார்மேகம் எழுந்து அவன் பின்னால் ஓடி

இல்லை. எழுந்தது மட்டும் உண்மை. வேறு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், தாள் மேசையிலேயே இருக்கிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவன் கதவுவரை நடந்தான். மாடிப்படியில் ராக்கப்பனின் செருப்புச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கார்மேகமே கதவைச் சாத்தினான். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான்.