கம்பெனிக் கல்லு

எர்ணாவூரில் கிழக்கு வெளுப்பதற்கு முன்பே கல் லாரி வந்துவிடும். அன்றைக்கும் குவார்ட்ஸ் பலகைகளோடு வந்தது. பலகை என்றதும் ஏதோ மரப்பலகை என்று நினைத்துவிடாதீர்கள். கல்தூளைப் பசையோடு கலந்து, அழுத்தி, கம்பெனியில் செய்கிற கல் அது. இறக்கி வைப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும். மலர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல் தூக்குகிற ஆட்களோடு தேசப்பனுக்குப் பக்கத்தில் நின்று தோள் கொடுத்தாள்.

"பாத்து, பாத்து! ஓரம் தட்டிச்சுன்னா நம்ம தலைலதான் விடியும்" என்று தேசப்பன் கத்தினார். கல்லைக் கட்டை மேல் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோது மணலிப் பக்கத்து ஆலைகளின் கேஸ் வாடை காற்றில் வந்தது. மலருக்குத் தொண்டை கரகரத்தது. இருமிக்கொண்டே போய்த் தன் மெஷினை எடுத்தாள்.

லூயிஸின் பட்டறை அது. வீடுகளுக்குச் சமையல் மேடைக்கல் அறுத்து, சிங்க் வைக்கத் துளை போட்டு, கொண்டுபோய்ப் பொருத்தியும் தருவார்கள். அறுப்பது தேசப்பன். கல்லின் ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது மலர். அவள் புருஷன் ஜெகதீசனும் இங்கேதான் அறுத்துக்கொண்டிருந்தான். இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று வீட்டோடு கிடக்கிறான்.

லூயிஸை முதலாளி என்று சொல்லவே இவர்களுக்கு வாய் வராது. ராயபுரத்துக்காரன், பழைய கிரானைட் பட்டறையில் ஜெகதீசனோடும் தேசப்பனோடும் ஒரே தட்டில் சாப்பிட்டவன். பிளேடு மேல் குழாய் வைத்துத் தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி சேறாகிக் கீழே இறங்கிவிடும். தண்ணீர் விடாமல் அறுத்தால் அது அறுப்பவன் நெஞ்சுக்குள் போகும். அங்கே முதலாளி தண்ணீரை நிறுத்தியபோது, "காஞ்ச பிளேடை நாங்க தொட மாட்டோம்" என்று வாசலில் முதலில் உட்கார்ந்தவன் லூயிஸ்தான். அதற்காக அடியும் வாங்கினான்.

அப்படிப்பட்டவன் சொந்தமாகப் பட்டறை போட்டு, "வாங்கபா, நம்ம கடை" என்று கூப்பிட்டால் யார்தான் போகமாட்டார்கள்? கண்ணை மூடிக்கொண்டு வந்தார்கள். இங்கேயும் பிளேடு காய்ந்துதான் ஓடியது. ஜெகதீசன் கேட்டதற்கு லூயிஸ் சிரித்தான். "அது மலைக்கல்லுபா, இது கம்பெனிக் கல்லு. பிளாஸ்டிக் கணக்கா. இதுல வர்ற தூசி ஒண்ணியும் பண்ணாது." சாயங்காலமானால் ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி தருவான். தொண்டையில் இருக்கிற தூசியெல்லாம் அதோடு இறங்கிவிடுமாம். இவர்களும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, நம்ம லூயிஸுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். பாவிகள், அப்படி நம்பினார்கள்!

வெயில் ஏறியதும் ஒரு புருஷன் பெண்டாட்டி, கைக்குழந்தை வயதைத் தாண்டிய ஒரு பெண் குழந்தையோடு கல் பார்க்க வந்தார்கள். புது வீடு, கையில் காசு அதிகமில்லை. லூயிஸுக்கு வாயில் தேன் வழிந்தது.

"பட்ஜெட் இடிக்குதுன்னா கறுப்பு கிரானைட் போங்க மேடம், கறை தெரியாது. வெளிர் கலர்தான் வேணும்னா இந்தக் குவார்ட்ஸ். ஆனா குக்கரை எறக்கி நேரா மேல வெச்சுடாதீங்க, அடியில மனை போட்டுக்கங்க. மஞ்சத்தூள் கொட்டிச்சுன்னா ஒடனே ஈரத்துணியால தொடச்சிடணும். ஆசிட் கீசிட் பக்கத்துலயே வரக்கூடாது. சிங்க்கு ஓரத்துல பசை விட்டுச்சுன்னா ஒரு போன் போடுங்க, ஆள் அனுப்பறேன்."

பிள்ளை பெற்றவளுக்குக்கூட இத்தனை பத்தியம் சொல்லமாட்டார்கள். மலர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லைத் திருப்பிப் போடுவதற்காக தேசப்பன் அறுப்பு மெஷினை அணைத்தார். புழுதி இன்னும் அடங்கவில்லை. அந்தக் குழந்தை கொட்டகைக்குள் ஓடிவந்தது.

லூயிஸ் பதறிப்போய்ப் பாய்ந்து வந்து அதைத் தூக்கினான். "ஐயோ மேடம், கொயந்தைய இங்க வுடாதீங்க! இந்தக் கம்பெனிக் கல்லு தூசி பொல்லாதது. நெஞ்சுல போயி ஒட்டிக்கிச்சுன்னா அப்பால எந்த டாக்டராலயும் ஒண்ணியும் பண்ண முடியாது."

மலரின் கை மெஷின் மேலேயே நின்றுவிட்டது. தேசப்பன் அவளைப் பார்த்தார். அவர் புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருந்தது.

வந்தவர்கள் கிளம்பிப் போகிற வரைக்கும் மலர் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் நேராக லூயிஸ் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, உனக்குத் தெரியுமா?"

"இன்னாமே தெரியுமா?"

"கொயந்த நெஞ்சுல போனா ஒட்டிக்கும். எங்க வூட்டுக்காரரு நெஞ்சுல போனா பிளாஸ்டிக்கா?"

லூயிஸ் முகம் கறுத்தது. "மெதுவா பேசு. தெரியும், தெரியாம இன்னா? டேங்கர் தண்ணி யாரு வாங்குறது? சேத்த தெருவுல வுட்டா சனம் சண்டைக்கு வருது. அடுத்த பட்டறைக்காரன் சல்லிசா அறுத்துக் குடுத்துகினு கீறான். தண்ணி வுட்டு அறுத்தா ஆர்டரு வராது. கடைய இழுத்து மூடவா? உங்களுக்கெல்லாம் சோறு போடறதே இதுதான்."

"சோறு துன்ன மூச்சு வோணும்ணா."

தேசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அந்தப் பழைய மொதலாளி மோசமானவன்தான் லூயிசு. ஆனா அவன் எங்க கைல பொய் சொல்லல. அறுடான்னான், மாட்டேன்னோம். நீ பொய் சொன்னே. அத்தொட்டு நாங்க மாட்டேன்னு சொல்லவே இல்ல."

"இஷ்டம்னா வேல செய்யி, இல்லாட்டி போயினே இரு. ஆளா கெடைக்காது?" என்று சொல்லிவிட்டு லூயிஸ் உள்ளே போனான்.

மலர் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதை ஜெகதீசன் சுவரில் சாய்ந்தபடி கேட்டான். மாதா கோயில் திருவிழாவுக்கு இவர்களை வீட்டுக்கு இட்டுப் போய் உட்காரவைத்துப் பிரியாணி போட்டவன் லூயிஸ். போன வாரம்கூட ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, இவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனான்.

"தெரிஞ்சுகினேவா... அயுதான்?" என்று ஜெகதீசன் கேட்டான். அதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. மலர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். எவனோ ஒருவன் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். அண்ணா அண்ணா என்று கூப்பிட்ட வாயால் என்னவென்று திட்டுவது?

மறுநாள் விடியலில் லாரி வந்து நின்றது. யாரும் கல்லைத் தொடவில்லை. பட்டறை வாசலில் மலர் உட்கார்ந்தாள். தேசப்பன் உட்கார்ந்தார். கல் தூக்குகிறவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

"குழாய் வெச்சுத் தண்ணி வுடு. ஜெகதீசனுக்கு வைத்தியம் பாரு. அப்பால மெஷினைப் போடறோம்" என்றாள் மலர்.

லூயிஸ் அவளைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்து அடுத்த பட்டறையில் அறுக்கிற வசீமை வரச் சொன்னான். வெயில் ஏறி, தெருவில் மற்ற பட்டறைகள் இரைய ஆரம்பித்த பிறகு வசீம் தன் கட்டர் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். நல்ல உடம்புக்காரன். இவன் உள்ளே போய்விட்டால் எல்லாம் போச்சு என்று நினைத்தாள் மலர்.

"இன்னாக்கா, எல்லாம் குந்திகினு கீறீங்க?"

மலர் சொன்னாள். ஜெகதீசனுக்கு மூச்சு வாங்குவதை, வெல்லத்தை, நேற்று லூயிஸ் அந்தக் குழந்தையைப் பதறிப்போய்த் தூக்கியதை எல்லாம் சொன்னாள். நடுவில் அவளுக்கே இருமல் வந்தது. அடங்கும்வரை வசீம் நின்றான்.

"கம்பெனிக் கல்லு, ஒண்ணியும் பண்ணாதுன்னா சொன்னாங்க?" என்று கேட்டான். "எங்க பட்டறைலயும் அதேதாங்கா சொன்னாங்க."

"வசீமு, நீ உள்ள வாபா, அதெல்லாம் அப்பால பேசிக்கலாம்" என்று லூயிஸ் அவசரமாகக் கூப்பிட்டான்.

வசீம் உள்ளே போகவில்லை. மெஷினைத் தோளிலிருந்து இறக்காமலே வந்த வழியே திரும்பி நடந்தான். போகிறானே என்று மலர் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பட்டறையில் கல் அறுக்கிற இரைச்சல் சட்டென்று நின்றது. அதற்கு அடுத்ததும் நின்றது.

லூயிஸ் தெருவுக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தான். தலை முதல் கால் வரை வெள்ளை படிந்த ஆட்கள் கண்களை மட்டும் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் தருகிறேன் என்று ஒரு முதலாளியும் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு வேலை உண்டா என்பதும் தெரியாது.

முன்னால் வந்த வசீம் மெஷினைத் தரையில் வைத்தான்.

"கொஞ்சம் நவுந்து குந்துக்கா. இன்னும் ஆளுங்க வராங்க" என்றான்.