கடைசியில் வருகிறவள்

அந்தப் பாதையில் வாயை மூடிக்கொண்டு நடக்கக் கூடாது. பொட்டிபுரத்துக்கு மேலே ஏலக்காட்டுக்கு ஏறுகிற ஆட்டுத்தடம் அது. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் நிஜமாகவே ஒன்றுமில்லை. கால் தவறினால் அள்ளிக் கட்டக்கூட ஆள் இறங்க முடியாது. மழைக்காலத்தில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கிவிட்டால் முன்னால் போகிறவளின் முதுகு தெரியாது, குறுக்கே நிற்கிற யானையும் தெரியாது. நாம் வருவதாவது யானைக்குத் தெரியட்டும், தெரிந்தால் அதுவே ஒதுங்கிக்கொள்ளும் என்றுதான் பேசிக்கொண்டே போவார்கள்.

காய் எடுக்கப் போகிற பெண்கள் அதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதலில் போகிறவள் விடுகதை போடுவாள். நடுவில் போகிறவர்கள் பதில் தெரிந்தாலும் மூச்சு விடக் கூடாது. கடைசியில் வருகிறவள்தான் சொல்லவேண்டும். பதில் வந்தால் வரிசை முழுசாக வருகிறது என்று அர்த்தம். வராவிட்டால் எல்லாரும் திரும்பி இறங்கிப் போய்ப் பார்க்கவேண்டும். தப்பாக வந்தால் தோற்றவள் ஏறி வந்து சேரும்வரை வரிசை அங்கேயே நிற்கவேண்டும். பெற்ற தாயே கடைசியில் வந்தாலும் இதில் சலுகை கிடையாது.

பழைய விடுகதைகள் சீக்கிரமே தேய்ந்துபோயின. முட்டைக்கும் தேங்காய்க்கும் எத்தனை தடவைதான் பதில் சொல்வது? எழுபத்தெட்டாம் வருஷப் பொங்கலுக்குப் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காலண்டர் கொடுத்தார்கள், மாசத்துக்கு ஒரு உலக அதிசயம் படத்தோடு. எப்போதும் முதலில் போகிற சுந்தரம்மாள் அதை எஸ்டேட்டில் அவர்கள் தங்குகிற லயத்துச் சுவரில் மாட்டி, ஒவ்வொரு படத்துக்கும் நாலு வரி கட்டினாள். அவளுக்கு வாய் அப்படி. அவள் ஒப்பாரி வைத்தால் பிணமே எழுந்து உட்கார்ந்து கேட்கும் என்று கேலி பேசுவார்கள். படத்துக்கு அடியில் இருந்ததை அவளுக்கு வாசித்துச் சொன்னவள் தம்பி பெண்டாட்டி பொன்னுமணி, ஒன்பதாவது வரைக்கும் படித்தவள். அப்புறம் கேட்கவேண்டுமா? மதுரையைக்கூடப் பார்க்காத பெண்கள் பாரிசுக்கும் எகிப்துக்கும் சண்டை போட்டார்கள்.

அந்த ஐப்பசியில் போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து ஜீப்புப் போக்குவரத்து நின்றுவிட்டது. காய் பழுத்துக் கொட்டுகிறது, வெரசா வாங்க என்று எஸ்டேட்டிலிருந்து ஆள் வந்தது. விடிந்ததும் நாலு பேர் நடந்தே கிளம்பினார்கள். முன்னால் சுந்தரம்மாள், அடுத்து மூக்கம்மாள், அவளுக்குப் பின்னால் ஆயம்மாள், கடைசியில் பொன்னுமணி. பொன்னுமணியின் கைக்குழந்தை பேச்சி, சுந்தரம்மாளின் முதுகில் சேலையால் கட்டப்பட்டிருந்தாள். பெற்றவளிடம் இருந்தால் பால் வாசத்துக்கு அழுதுகொண்டே வருவாள். அத்தை முதுகில் என்றால் தூங்கிவிடுவாள். பொன்னுமணியின் தலையில் அரிசியும் கருப்பட்டியும் கட்டிய மூட்டை.

பாதி மலை ஏறுவதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது. பொன்னுமணிக்கு இந்தப் பாதை என்றாலே பயம், அதுவும் பிள்ளை பிறந்த பிறகு இரண்டு மடங்கு பயம். போன வருஷம் இதே பாதையில் ஒருத்தி "ஆனை!" என்று கத்தினாள். கத்தியதுதான் தாமதம், வரிசையில் இருந்தவர்கள் மஞ்சுக்குள் மூலைக்கு ஒருத்தியாக ஓடினார்கள். கன்னையன் பெண்டாட்டி இடப்பக்கம் ஓடிவிட்டாள். யானை அவளைத் தொடவே இல்லை, பாவி மகள், வெறும் சத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மேலேயிருந்து சுந்தரம்மாளின் குரல் வந்தது.

"மணலுக்குள்ளே மலை ஒண்ணு,
மனுசன் கட்டின மலை ஒண்ணு,
உள்ளே தூங்குற ராசாவுக்கு
ஒருநாளும் விடியலயே!"

"எகிப்து பிரமிடு! இதெல்லாம் ஒரு கேள்வியா மயினி? மெதுவாப் போங்க, மூட்டை கழுத்த இறுக்குது."

"என் தம்பியப் பாக்கப் போறதுன்னா ஓடுவ. சோலிக்குப் போறதுக்கு மட்டும் கழுத்து வலிக்குதாக்கும்!"

மூக்கம்மாளும் ஆயம்மாளும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கப் பொன்னுமணிக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. அடுத்தது வந்தது.

"குடிக்காமலே சாஞ்சு நிக்கான்,
கூப்பிட்டாலும் நிமிர மாட்டான்,
விழுவான் விழுவான்னு ஊரு பாக்க
விழாமலே வயசாச்சு!"

"இத்தாலி சாஞ்ச கோபுரம்! மெதுவா மயினி!"

அப்போதுதான் மூட்டையின் முடிச்சு அவிழ்ந்தது. அரிசி கொட்டினால் லயத்தில் எல்லாரும் பட்டினி. பொன்னுமணி உட்கார்ந்து, ஈரக் கையால் இறுக்கி முடிந்து, மறுபடி தலைக்குத் தூக்கி நிமிர்ந்தாள்.

ஓடை பாதையைக் கடக்கிற இடத்தில், சற்று முன்பு வரை மஞ்சு மட்டும் இருந்த இடத்தில், ஒரு காது அசைந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு வாசம் வந்தது. சாணமும் சேறும் கலந்த சூடான வாசம். அதற்குப் பிறகுதான் வயிறு உறுமுகிற சத்தம் கேட்டது. அவளுக்கும் மற்ற மூன்று பேருக்கும் நடுவே, பாதையை அடைத்துக்கொண்டு நின்றது அது. தேவாரத்துப் பக்கம் சோளக்காட்டில் இறங்கி, வெடியும் தகரமும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன ஒற்றை யானை. மனிதக் குரலுக்கு ஒதுங்குகிற சாதி இல்லை அது. முன்னால் போனவர்கள் கடந்த பிறகு ஓடையிலிருந்து ஏறியிருக்கிறது.

ஆத்தாடி, ஆத்தாடி என்று பொன்னுமணி உள்ளுக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டாள். சத்தம் போடாமல் அப்படியே பின்னால் நகர்ந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

மேலேயிருந்து குரல் வந்தது.

"செத்தவளுக்குக் கட்டுன வீடு,
செகமே பாக்க வர்ற வீடு,
இருந்தப்ப அவளுக்கு என்ன செஞ்சான்?
எவளாச்சும் கேட்டீங்களா?"

யானை தலையைத் திருப்பியது. பொன்னுமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள, தூங்கிட்டியா?" சுந்தரம்மாள் மறுபடி கேட்டாள். கீழே நிற்கிறவளுக்கு அப்போதுதான் நெஞ்சில் அடித்தாற்போல உறைத்தது. பதில் சொல்லாவிட்டால் அவர்கள் திரும்பி இறங்குவார்கள். இறங்கினால் மஞ்சுக்குள் நேராக யானையின் மேலேயே வந்து முட்டுவார்கள். அவர்களோடு சுந்தரம்மாளும் வருவாள். அவள் முதுகில் பேச்சி. யானை என்று கத்தினாலோ, ஓட்டம் பிடிப்பார்கள், இடப்பக்கம் ஒன்றுமில்லை. தப்பாகச் சொன்னாலும் அங்கேயே நின்றுவிடுவார்கள். சரியான பதிலை, ஒன்றுமே நடக்காத மாதிரி சொல்லியாக வேண்டும். சொன்னால் இது அவள் மேல் திரும்பும்.

"தாஜ்மகாலு!" என்று கத்தினாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "வெரசாப் போங்க மயினி! நிக்காதீங்க, வெரசாப் போங்க!"

யானை முழுசாக அவள் பக்கம் திரும்பியது. ஓர் அடி எடுத்துவைத்தது. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது.

மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க என்று உயிரை வாங்குகிறவள் இன்றைக்கு வெரசாப் போகச் சொல்கிறாளே என்று சுந்தரம்மாள் யோசித்திருக்கவேண்டும். திரும்பி வருகிறாளோ என்று பொன்னுமணி காதைத் தீட்டிக்கொண்டாள். ஆனால் குரல் அதே இடத்திலிருந்துதான் வந்தது. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"புதுசு புள்ள, நல்லாக் கேட்டுக்க.
வாசல் இல்லாத அரமன ஒண்ணு,
வலது கைப் பக்கம் இருக்குது கண்ணு,
ஒல்லி ராணி நுழைவா உள்ளே,
ஒசந்த ராசா நிப்பான் வெளியே!"

இது காலண்டரில் இல்லை. பன்னிரண்டு படமும் பொன்னுமணிக்கு மனப்பாடம். சீமையா, ரஷ்யாவா, எந்த ஊர் அரண்மனை என்று ஒரு கணம் உலகம் முழுக்கத் தேடினாள் பாவம். பிறகு தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் வலப்பக்கம் ஓட்டினாள். இரண்டு பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, நடுவே ஓர் இடுக்கு. மழை பெய்தால் ஆட்டுக்காரர்கள் குட்டிகளைத் தள்ளிவிடுகிற இடுக்கு அது. யானை நிற்பது மயினிக்குத் தெரிந்துவிட்டது! தெரிந்தும் நடுவில் வருகிற இரண்டு பேருக்குக் காட்டிக்கொள்ளாமல் பாட்டிலேயே வழி சொல்கிறாள்!

"சீமை ராணி அரமன!" என்று வாய்க்கு வந்ததைக் கத்தினாள் பொன்னுமணி.

"சரியான பதிலு!" என்றாள் சுந்தரம்மாள். "நடங்கடி, நடங்க!"

யானை வேகமெடுத்தது. பொன்னுமணி மூட்டையை அதன் முன்னால் எறிந்துவிட்டு, பக்கவாட்டில் இடுக்குக்குள் தன்னைத் திணித்தாள். தோள் உரிந்தது, காதுத் தோடு எங்கேயோ பிய்ந்தது. உள்ளே போகப் போகக் குறுகியது. இனி ஒரு விரற்கடைகூடப் போக முடியாது என்ற இடத்தில் திரும்பிப் பார்த்தாள். வெளிச்சம் முழுக்க அடைபட்டிருந்தது.

மூட்டை கிழிகிற சத்தம் கேட்டது. யானை கருப்பட்டியைத் தின்றது. தின்று முடித்துவிட்டுப் போய்விடவேண்டும் என்று அவள் சாமியை எல்லாம் கூப்பிட்டாள். போகவில்லை. தும்பிக்கை இடுக்குக்குள் வந்தது. ஈரமான நுனி பாறையைத் தடவித் தடவி, அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டது. மேலே எங்கேயோ பேச்சி விழித்துக்கொண்டு அழுதாள். அழுகையைக் கேட்டதும் பொன்னுமணிக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அந்த வாசத்துக்குத் தும்பிக்கை இன்னும் கொஞ்சம் நீண்டது.

அப்போது, தூரத்தில்,

"கையில பந்தம் ஏந்தி நிக்கா,
கடலப் பாத்துக் காத்து நிக்கா,
வாங்க வாங்கன்னு ஊரை அழைச்சும்
வாயத் தொறக்காம நிக்கா!"

பதில் தெரியும். அமெரிக்கா சிலை. எத்தனை தடவை சொன்ன பதில்! வாயைத் திறந்தாள். தொண்டையில் காற்றுகூட வரவில்லை. தும்பிக்கை அவள் தலைமுடியைத் தொட்டது.

மறுபடி கேட்டாள் சுந்தரம்மாள். பாட்டு உடைந்து உடைந்து வந்தது. மூன்றாவது தடவை பாட்டே இல்லை. "பொன்னுமணி! ஏ பொன்னுமணி!" என்ற கூப்பாடுதான். சொல்லு, சொல்லித் தொலையேன் என்று பொன்னுமணி தன்னையே திட்டிக்கொண்டாள். முடியவில்லை. வரப்போகிறார்கள், வழக்கம் அதுதான், பிள்ளையோடு இப்போது இறங்கிவரப்போகிறார்கள்.

அப்புறம் ஒரு பதில் கேட்டது. அது ஆயம்மாளின் குரல்.

"அமெரிக்கா செலை!"

அதற்குப் பிறகு வேறு விடுகதை வரவில்லை. பேச்சியின் அழுகை மட்டும் மேலே, மேலே, இன்னும் மேலே போய்த் தேய்ந்து இல்லாமல் போனது. வரிசையில் கடைசி ஆள் இப்போது ஆயம்மாள். பொன்னுமணி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சத்தமில்லாமல், உடம்பு குலுங்க அழுதாள்.

மத்தியானம் போல எஸ்டேட் காவல்காரர் அமாவாசையும் ஆட்களும் தகரமும் வெடியுமாக வந்தபோது பாதையில் யானை இல்லை. கிழிந்த மூட்டையும் மிதிபட்ட அரிசியும் கிடந்தன. "உடம்பு எங்கன்னு தேடுங்கப்பா" என்றார் அமாவாசை. "நான் இங்கன இருக்கேண்ணே" என்று பாறைக்குள்ளிருந்து குரல் வர, வெடிக்கட்டைக் கீழே போட்டுவிட்டார் மனுஷன். வெளியே வரச் சொன்னால் வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்துத்தான் எடுத்தார்கள்.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் ஊரே நின்றது. பேச்சியை யாரோ மடியில் போட்டார்கள். பால் குடிக்கத் தொடங்கியதும்தான் பொன்னுமணி சுவரில் சாய்ந்தாள். சுந்தரம்மாள் கிட்டே வரவே இல்லை. அடுப்படி மூலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்த பிறகுதான் நகர்ந்து நகர்ந்து வந்தாள்.

"அந்தப் பதில ஆயம்மாளச் சொல்லச் சொன்னது நாந்தான் புள்ள. மூணு தடவ கேட்டேன், நீ பேசல. நீ போய்ச் சேந்துட்டன்னு நெனச்சுட்டேன். கடைசி ஆளு பதில் சொல்லலைன்னா திரும்பிப் போகணும்னு வழக்கம் வச்சவளே நான். நானே உன்னைக் கணக்குலருந்து எடுத்துட்டு, பிள்ளையாச்சும் மிஞ்சட்டும்னு ஏறி வந்துட்டேன்." நெற்றியில் அறைந்துகொண்டாள். "என் மூஞ்சியில துப்பு புள்ள. நீ அங்கன கேட்டுக்கிட்டா இருந்த? உன்னை விட்டுட்டுப் போறோம்னு கேட்டுக்கிட்டா இருந்த?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் பொன்னுமணி. "அந்தப் பதிலு வர்ற வரைக்கும் நீங்க பிள்ளையோட திரும்பி வர்றீங்க, வர்றீங்கன்னு செத்துக்கிட்டு இருந்தேன் மயினி. ஆயம்மா கொரலு கேட்ட பின்னாடிதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

சுந்தரம்மாள் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேச்சி பால் குடித்துக்கொண்டே அத்தையின் முடியைப் பிடித்து இழுத்தாள்.