கொசுறு

திரையில் நான்கு வரிகள் இருந்தன. மூன்று பச்சை, ஒன்று சிவப்பு. குன்னூர் அலுவலகத்தின் ஒற்றை ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு வனிதா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்கு நான்கு டீ ஃபாக்டரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சர்வர். அதற்குள் யார் எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார், எத்தனை கிலோ பறித்தார் என்று பத்து வருடக் கதை. அத்தனையையும் தினமும் தானாகவே நகலெடுத்துக் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்தில் சேர்த்துவைக்கும் பேக்கப் சாஃப்ட்வேர் ஒன்றை முதலாளிகள் வாங்கியிருந்தார்கள். ஒரு கிலோ பச்சை இலை விற்ற காசில் ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிட முடியாத நாட்களில் இந்தச் செலவு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கடையைக் கைமாற்ற நினைக்கிறவர்தான் திடீரென்று கடையைப் பெருக்கித் துடைப்பார் என்பதை, மார்க்கெட் காய்கறிக் கடைக்காரரின் மகளான வனிதாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிவப்பாக நின்றது மஞ்சூர். அந்த சர்வரின் பாஸ்வேர்டு, அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த இருளப்பனுக்கு மட்டும்தான் தெரியும். அவரை வீட்டுக்கு அனுப்பி இரண்டு வருடமாகிறது. அனுப்பும்போது சாவிக்கொத்தை எண்ணி வாங்கினார்கள், கம்பெனி கொடுத்த ஸ்வெட்டரைக்கூடத் திருப்பி வாங்கினார்கள், இதை மட்டும் கேட்க மறந்துவிட்டார்கள். பாஸ்வேர்டை மாற்றினால் இலை நிறுக்கும் புரோகிராம் நின்றுபோகும். அதை எழுதிக் கொடுத்தவர்களோ கம்பெனியையே மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

"சனிக்கெழமைக்குள்ள மஞ்சூர் ஏறலைன்னா கோயமுத்தூர்ல இருந்து ஆள் வருவான்" என்றார் மேனேஜர் மனோகரன். "வர்றவன் இந்தச் சேர்லதான் உக்காருவான். அவனுக்குச் சேர் புடிச்சுப் போச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"அவரு சும்மா சொல்லுவாருங்களா சார்?"

"திரும்ப வேலைக்கு எடுத்துக்கறம்னு சொல்லு. எடுக்கறதும் எடுக்காததும் அப்பறம் பாத்துக்கலாம்."

இருளப்பன் இப்போது இருக்கும் கேத்திக்குப் போகும் பஸ்ஸில் வனிதா பேரத்தை ஒத்திகை பார்த்தாள். முதலில் விலை சொல்லக் கூடாது. எதிராளி வாய் திறக்கட்டும். வேலை என்ற சொல்லைக் கடைசி வரை இடுப்பில் முடிந்தே வைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தை நினைத்ததும் ஒத்திகை தடுமாறியது. முன்பெல்லாம் பேக்கப் என்றால் இருளப்பன்தான். சனிக்கிழமை தோறும் மஞ்சூர் பஸ்ஸில், மஃப்ளரில் சுற்றிய ஒரு சி.டி.யோடு வருவார். கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார். "ஒரு ஃபைலத் தொறந்து காட்டுங்க புள்ள. தொறந்து பாக்காத பேக்கப் பேக்கப்பே இல்ல" என்பார். திறந்ததும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏதோ ஒரு தொழிலாளியின் பெயரை வாய்விட்டுப் படிப்பார். அதன் பிறகுதான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

கேத்தியில் அவர் கேரட் கழுவும் ஷெட்டில் இருந்தார். எட்டு வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்து, கம்ப்யூட்டர் வரை ஏறிய மனிதர், முழங்கால் தண்ணீரில் நின்று மூட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன.

"வாங்க புள்ள. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, கேரட்டு வாங்கவா? ஒங்க அப்பா கடையில இல்லாததா?"

"ஏனுங்ண்ணா, நல்லாருக்கீங்களா?"

"எனக்கென்னா, தெனம் குளிக்கிறேன், பாருங்க." சிரித்தவர் சட்டென்று கேட்டார்: "மஞ்சூர் மெசினுக்கு இப்ப பேக்கப் எடுக்குறது யாரு?"

வனிதாவுக்குப் பொய் வரவில்லை. "யாரும் எடுக்கறதில்லீங்ண்ணா."

"ரெண்டு வருசமாவா?" அவர் கையிலிருந்த மூட்டை தண்ணீருக்குள் நழுவியது. "டிஸ்க்கு போயிருச்சின்னா என்னா செய்வீங்க? அம்புட்டு சனத்தோட சர்வீசும் அதுலதான் கெடக்கு. என்னா வேலை பாத்து வச்சிருக்கீங்க!" கரையேறிக் கையைத் துடைத்தார். "பாஸ்வேர்டுக்குத்தானே வந்தீங்க? எழுதிக்கங்க."

மஞ்சூர் என்ற ஊர்ப் பெயரையும் அந்த சர்வர் லாரியில் வந்து இறங்கிய தேதியையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எங்கே பெரிய எழுத்து, எங்கே புள்ளி என்பதில் கொஞ்சமும் தடுமாற்றமில்லை. எழுதியதைத் திரும்ப ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். விலை என்று ஒரு பேச்சே எழவில்லை. இவள் இடுப்பில் முடிந்துவைத்திருந்தது அப்படியே இருந்தது.

அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் சரக்கை இத்தனை மலிவாக வாங்கிக்கொண்டு வெறுமனே நகரக் கூசியது. அப்பா எடை போட்ட பிறகு ஒரு கொத்துக் கருவேப்பிலையைப் பையில் எறிவாரே, அது மாதிரி அவள் சொன்னாள்: "சார்கிட்ட உங்களப் பத்திச் சொல்றனுங்ண்ணா."

இருளப்பன் நிமிர்ந்தார். கேரட்டோடும் தண்ணீரோடும் இருந்த முகம் மெல்ல வேறு முகமானது. "திங்கக்கெழம வரட்டுங்களா?"

பஸ் ஹாரன் கேட்டது. "ம்" என்றாள் வனிதா.

சனிக்கிழமை மத்தியானம் நாலாவது வரி பச்சையானது. "ஒரு பைசா செலவில்லாம முடிச்சிட்டியே, யாவாரி மகளுன்னா சும்மாவா!" என்று மனோகரன் அவளுக்கு டீ வரவழைத்தார். திங்கட்கிழமை காலையில்தான் முதல் முழு பேக்கப் ஓடத் தொடங்கியது. நாற்பது சதவீதத்தைத் தாண்டியபோது மனோகரன் கண்ணாடிக் கதவு வழியே பார்த்துவிட்டு, "பெஞ்சுல யாரும்மா அது?" என்றார்.

"மஞ்சூர் இருளப்பனுங்க சார். நான் உங்ககிட்ட…"

"அதான் ஏறிருச்சே. இன்னும் என்னவாம்? பக்குவமாப் பேசி அனுப்பிச்சு உடு." கோட்டை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக அவர் டீ ஏலத்துக்குப் போய்விட்டார்.

வனிதா வெளியே வந்தாள். இஸ்திரி போட்ட சட்டை. பழைய மஃப்ளர். மடியில் மூன்றடுக்கு டிபன் கேரியர். மத்தியானமும் இங்கேதான் என்று கணக்குப் பண்ணி வீட்டில் கட்டிக்கொடுத்த சாப்பாடு. அவளைப் பார்த்ததும் எழுந்தார். வேலையைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"மஞ்சூர் ஏறிருச்சா?"

"ஏறிருச்சுங்ண்ணா. ஓடிட்டு இருக்குது."

"எவ்வளவு?"

"நாப்பத்தி மூணு சதம்."

"முடியட்டும், அவசரமில்ல." மறுபடி உட்கார்ந்து டிபன் கேரியரை அணைத்துக்கொண்டார். வெளுத்துச் சுருங்கிய விரல்கள் அதன் பிடியைச் சுற்றிக்கொண்டன. "முடிஞ்சதும் கூப்புடுங்க புள்ள. ஒரு ஃபைலத் தொறந்து பாத்துருவோம்."

வனிதா தலையாட்டினாள். உள்ளே வந்து தன் சேரில் உட்கார்ந்தாள். அறையில் இருந்தது அந்த ஒரு சேர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனி ஏறி, பெஞ்சும் மஃப்ளரும் மங்கிக்கொண்டு வந்தன. திரையில் நாற்பத்திநான்கு. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நாற்பத்தைந்து.